இரவுக்கடலுக்குக் கண்ணைத் தயார் செய்வது எப்படி: விழித்திரை நிறமியும் இருட்டுப் பார்வையும்

கரையில் எல்இடி விளக்கடியில் வலையை ஏற்றிவிட்டு நேரே வள்ளத்தில் ஏறுகிறவருக்கு முதல் கால் மணி நேரம் கடல் கறுப்புத் திரைதான். அரை மணி நேரமாக இருட்டில் உட்கார்ந்திருந்த ஆள், வள்ளத்தின் முன்முனையான அணியத்திலிருந்து, "அண்ணே, சோத்தாங்கைப் பக்கம் மிதப்பு கிடக்கு, ஒதுக்குங்க" என்று சொல்லும்போது, சுக்கான் பிடித்தவருக்கு அந்தத் திசையில் ஒன்றுமே தெரியாது. இரண்டு பேர் கண்ணும் நல்ல கண்தான். விழித்திரையில் இருக்கும் ஒரு நிறமி ஒருவருக்கு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, இன்னொருவருக்கு இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள், அவர்களைக் கரையில் காத்திருந்து ஏற்றி இறக்குகிறவர்கள், விளக்கில்லாத கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வழிமுறைகள் பொருந்தும். முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காரணம் புரிந்தால் எதை எப்போது செய்வது என்பது தானாக வரும்.

நிறமி என்ன வேலை செய்கிறது

விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகல் பார்வை, நிறம், நுணுக்கம் அவற்றின் பொறுப்பு. குச்சி செல்கள் சுமார் 9 முதல் 12 கோடி. இருட்டில் பார்ப்பது அவற்றால்தான். ஒவ்வொரு குச்சியிலும் ஏறத்தாழ 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ரோடாப்சின் என்பது ஆப்சின் என்ற புரதமும், அதற்குள் வளைந்து உட்கார்ந்திருக்கும் 11-சிஸ் ரெட்டினாலும் சேர்ந்தது. அந்த ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிறது.

ஓர் ஒளித்துகள் பட்டதும் வளைந்த ரெட்டினால் நிமிர்கிறது. அந்த ஒரு நிமிர்வே செல்லுக்குள் பல மடங்கு பெருகி மூளைக்குச் சைகையாகப் போகிறது. 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் அளந்தபோது, நன்றாக இருட்டுக்குப் பழகிய கண் ஒரு மினுக்கைப் பார்க்க 5 முதல் 14 ஒளித்துகள்கள் உறிஞ்சப்பட்டாலே போதும் என்று தெரிந்தது. ஆனால் நிமிர்ந்த மூலக்கூறு அந்த ஒரு தடவைக்குத்தான். ரெட்டினால் கழன்று போய், ஊதாச்சிவப்பாக இருந்த நிறமி வெளுத்துவிடும். 1876-இல் ஃபிரான்ஸ் போல் தவளையின் விழித்திரையில் இப்படி நிறம் வெளுப்பதைக் கண்ணாலேயே பார்த்தார். கழன்ற ரெட்டினால் விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலத்துக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டு, திரும்பி வந்து ஆப்சினோடு சேர வேண்டும். இந்தச் சுற்றுக்கு நேரம் பிடிக்கும். கூம்புகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குறுக்குவழி இருப்பதால் அவை சீக்கிரம் தேறுகின்றன. குச்சிகளுக்கு அது கிடையாது.

இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். நிறமி பத்தில் ஒரு பங்கு வெளுத்தால் பார்வையும் பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஒளியைப் பிடிக்கும் வலை பத்தில் ஒரு பங்கு கிழிந்தால் மீனும் அவ்வளவுதானே குறையும் என்பது போல. உண்மையில் பத்து சதவீதம் வெளுத்தாலே கண்ணுக்குத் தேவைப்படும் வெளிச்சம் பல பத்து மடங்கு கூடிவிடுகிறது. காரணம், ரெட்டினால் இல்லாத வெற்று ஆப்சின் சும்மா இருப்பதில்லை. வெளிச்சம் படாமலேயே பட்டதுபோல மெல்லிய சைகையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குள்ளேயே ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் நட்சத்திரம் தெரியாமல் போவது போல, அந்த உள்விளக்கு அணையும்வரை வெளியே இருக்கும் மங்கலான எதுவும் தெரியாது.

கண்ணின் பாவை விரிவதால்தான் இருட்டு பழகுகிறது என்று சொல்வார்கள். பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். இருட்டில் அரை மணி நேரம் இருந்த கண்ணோ லட்சம் மடங்குக்கும் மேல் கூர்மையாகிறது. பாவை ஓரிரு நொடியில் விரியத் தொடங்கிவிடும். மீதி எல்லாம் நிறமியும் விழித்திரை நரம்பு இணைப்புகளும் செய்கிற வேலை. அதை அவசரப்படுத்த வழி கிடையாது. கண்ணைக் கசக்கினாலும், குளிர்ந்த தண்ணீர் அடித்தாலும், கண்ணைக் கொட்டக்கொட்ட விழித்தாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

நேரக் கணக்கு

முழுவதும் வெளுத்த நிலையிலிருந்து குச்சி நிறமி பாதி திரும்ப ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அடுத்த ஐந்து நிமிடத்தில் மிச்சத்தில் பாதி, அதற்கடுத்த ஐந்தில் அதிலும் பாதி என்று போகும். 10 நிமிடத்தில் முக்கால் பங்குக்கு மேல், 20 நிமிடத்தில் 95 சதவீதம், 30 நிமிடத்தில் 99 சதவீதத்தை ஒட்டி.

20 நிமிடத்தில் 95 சதவீதம் வந்துவிட்டதே, போதாதா? போதாது. மிச்சமுள்ள ஐந்து சதவீத வெற்று ஆப்சின்தான் அந்த உள்விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடைசிப் பத்து இருபது நிமிடத்தில் நிறமி அளவில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும் பார்வையில் பெரிய மாற்றம் தெரிகிறது.

நடைமுறையில் இப்படி உணர்வீர்கள். முதல் ஐந்து முதல் பத்து நிமிடம் கூம்புகள் தேறும். கொஞ்சம் தெரிகிற மாதிரி இருந்து, அதற்குமேல் முன்னேறாமல் நின்றுவிடும். நிறைய பேர் "கண் பழகிவிட்டது" என்று நினைத்து வேலையைத் தொடங்குவது இந்த இடத்தில்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு குச்சிகள் கூம்புகளை முந்தும். அப்போதுதான் வான விளிம்பு, நுரைக்கோடு, விளக்கில்லாத படகின் உருவம் எல்லாம் எழுந்து வரும். 30 முதல் 40 நிமிடத்தில் முழுப் பார்வை. 60 வயது தாண்டியவர்கள் இன்னொரு பத்து நிமிடமாவது கூட்டிக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற இந்தச் சுற்று மெதுவாகிறது.

பகலிலேயே தொடங்குங்கள்

இரவுப் பார்வைக்கான வேலை இரவில் தொடங்குவதில்லை. இராமநாதபுரம் கரையில் பகல் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெண்மணலிலிருந்தும் அலையிலிருந்தும் உப்பளப் பாத்திகளிலிருந்தும் திரும்பி அடிக்கிறது. நடுப்பகலில் வெள்ளை மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் குச்சி நிறமியில் பெரும்பகுதி வெளுத்தேதான் இருக்கும். அது பகலில் தொந்தரவில்லை. ஆனால் கடற்கரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வெறுங்கண்ணோடு இருந்தால், அன்றிரவு குச்சிகள் தேறத் தொடங்குவதே பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகிறது, முழுதாகத் தேறிய பிறகும் பழைய கூர்மை வருவதில்லை என்று 1948-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாள்தோறும் இப்படி இருந்தால் குறை சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே இரவு தொழில் இருக்கும் நாளில் பகலில் வலை பிரிக்கும்போதும் கருவாடு காயவைக்கும்போதும் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடி வேண்டும். கடையில் "வகை 3" என்று குறிக்கப்பட்டது ஏறக்குறைய இதுதான். சாம்பல் அல்லது பழுப்பு நிறம் நல்லது. புற ஊதாக் கதிர் தடுப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடி பாவையை விரியவைத்து அந்தக் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். அகல விளிம்புத் தொப்பியோ தலைத்துண்டை நெற்றிக்கு முன்னால் இழுத்துக் கட்டுவதோ பாதி வேலையைச் செய்யும்.

பொழுது சாய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். இரவில் ஓட்ட என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வாங்க வேண்டாம். பார்ப்பதற்குப் பளிச்சென்று தெரிகிற உணர்வு தரும்; குச்சிகளுக்கு வேண்டிய நீலப்பச்சை ஒளியைத்தான் அது வெட்டுகிறது.

சிவப்பு விளக்கு: எப்படிச் செய்வது, எங்கே தப்பாகிறது

ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால், நானோமீட்டர் கணக்கில் சொல்வார்கள். குச்சிகள் மிகவும் உணர்கிற ஒளி சுமார் 500 நானோமீட்டர், அதாவது நீலம் கலந்த பச்சை. 620 நானோமீட்டர் சிவப்பில் குச்சிகளின் உணர்வு உச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 650-இல் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே 620-இல் கூம்புகளுக்கு உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உணர்வு இருக்கிறது. ஆக, மங்கலான சிவப்பில் கூம்புகளால் முடிச்சைப் பார்க்கலாம், எண்ணைப் படிக்கலாம். குச்சிகள் இருட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

நீலம் இதற்கு நேர் எதிர். வெள்ளை எல்இடி விளக்கின் நீல உச்சம் 450 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே குச்சிகளுக்கு உச்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான உணர்வு. கூம்புகளுக்கோ நூற்றில் நான்கு பங்கு. கூர்மையாகவும் காட்டாது, குச்சி நிறமியையும் வெளுக்கவைக்கும். அழகுக்காகப் படகில் நீல விளக்குப் பட்டை ஒட்டுகிறவர்கள் முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

நெற்றி விளக்கு வாங்குவதானால் சிவப்பு எல்இடி தனியாக உள்ளதை வாங்குங்கள். பொத்தானை அழுத்தினால் முதலில் வெள்ளை எரிந்து பிறகு சிவப்புக்கு மாறுகிற வகை வேண்டாம். அந்த ஒரு நொடி வெள்ளையே போதும் கெடுக்க. இருக்கிற வெள்ளை டார்ச்சை மாற்றுவதானால்:

1. டார்ச்சின் முகத்தைவிட நான்கு விரற்கடை அகலமாகச் சிவப்புக் கண்ணாடித்தாளை வெட்டுங்கள். இரண்டு மடிப்பில் தொடங்குங்கள். முகத்தின் மேல் இழுத்துப் பிடித்து ரப்பர் வளையம் போடுங்கள்.

2. இருட்டறையில் பழைய சிடி ஒன்றை எடுத்து, அதன் பளபளப்புப் பக்கத்தில் டார்ச்சை அடித்து, சாய்த்துப் பாருங்கள். வானவில் பட்டை தெரியும். அதில் சிவப்பு மட்டும் இருக்க வேண்டும். பச்சையோ நீலமோ மெல்லிய கோடாகத் தெரிந்தாலும் இன்னொரு மடிப்புப் போடுங்கள். மலிவான கண்ணாடித்தாள் கண்ணுக்கு நல்ல சிவப்பாகத் தெரிந்துகொண்டே நீலத்தைக் கசியவிடும். சிடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. வெளிச்சத்தைக் குறையுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் முகத்தை மூடி, நடுவில் மூன்று மில்லிமீட்டர் துளை மட்டும் விடுங்கள். பிறகு அரை மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். தலைப்பு மட்டும் படிக்க முடிந்தால் அளவு சரி. உள்ளே இருக்கும் சிறு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் மூடுங்கள்.

மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரகாசமான சிவப்பு விளக்கைவிட மிக மங்கலான வெள்ளை விளக்கே மேல். நிறத்தைவிட அளவு முக்கியம்.

சிவப்பு விளக்குக்கென்று ஆபத்துகளும் உண்டு. சிவப்பு மையில் எழுதியது சிவப்பு ஒளியில் மறைந்துவிடும்; கடல் வரைபடத்தில் குறிப்பதானால் கறுப்புப் பேனா. சிவப்பு வயரும் வெள்ளை வயரும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் எஞ்சின் மின்வேலை சிவப்பு ஒளியில் செய்யாதீர்கள். மிக முக்கியமாக, வலையில் வந்ததைச் சிவப்பு ஒளியில் பிரிக்கவே கூடாது. கடல்பாம்பின் பட்டைகள் மங்கிப்போய் ஒரு கயிற்றுத் துண்டுபோலக் கிடக்கும்; திருக்கையின் முள்ளும் கெளிற்றின் முள்ளும் தெரியாது. மீன் பிரிக்கும்போதும் கப்பியில் கயிறு ஓடும்போதும் வெள்ளை விளக்கு எரியட்டும். விரல் போனால் இருட்டுப் பார்வையால் என்ன பயன்?

அந்த நேரத்தில் சுக்கான்காரரின் கண்ணைக் காப்பது தனி வேலை. வலை இழுக்கும் விளக்கைச் சுற்றி ஒரு தகரமோ, நீளவாட்டில் பிளந்த பிவிசி குழாயோ வைத்து, ஒளி கீழே வலைமேல் மட்டும் விழுமாறு செய்யுங்கள். சுக்கானிலிருந்து பார்த்தால் பல்பு நேரடியாகத் தெரியக் கூடாது. வெள்ளை வண்ணம் அடித்த கூரையின் உட்புறம் ஒளியைத் திருப்பி அடிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் கறுப்போ கரும்பச்சையோ அடியுங்கள். படகின் பக்க விளக்குகளையும் பின் விளக்கையும் கண்ணுக்காக அணைக்கவே வேண்டாம். அவை மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு. அவற்றின் ஒளி உங்கள் கண்ணில் விழாதபடி தடுப்பு வையுங்கள்.

செல்போன், ஜிபிஎஸ், மீன்காட்டும் கருவி

முழு வெளிச்சத்தில் வெள்ளைத் திரையைப் பத்து நொடி பார்த்தால் அது விழுந்த இடத்தில் நிறமி சுமாராக ஓரிரு சதவீதம் வெளுக்கும். சின்ன எண்தான். ஆனால் மேலே சொன்ன கணக்கில் அது சில நிமிடப் பார்வையைத் தின்றுவிடும். பாதி இரவுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுப்பவர் ஒரு தடவைகூட முழு இருட்டுப் பார்வையை எட்டுவதே இல்லை.

ஜிபிஎஸ்ஸிலும் எக்கோ சவுண்டரிலும் இரவுத் திரை என்று ஒரு அமைப்பு இருக்கும். கறுப்புப் பின்னணிக்கு மாற்றி, வெளிச்சத்தை மிகக் குறைந்த படிக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் கூடுதலாகத் தெரிந்தால் அதே சிவப்புத்தாளைத் திரைமேல் ஒட்டுங்கள். போனில் "இரவு ஒளி" என்று வரும் மஞ்சள் நிற அமைப்பு போதாது. அதில் பச்சை நிறையவே மிஞ்சும். ஐபோனில் அணுகல்தன்மைப் பகுதியில் நிற வடிகட்டி இருக்கிறது. அதில் நிறச்சாயலைத் தேர்ந்து முழுச் சிவப்புக்குத் தள்ளலாம். ஆண்ட்ராய்டில் சிவப்பு வடிகட்டிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கிய பிறகே எடுங்கள்.

ஒரு கண்ணை மூடும் வித்தை

நிறமி அந்தந்தக் கண்ணுக்குத் தனித்தனி. ஒரு கண் வெளுத்தாலும் மற்றதன் நிறமி அப்படியே இருக்கும். இதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பார்த்தால்தான் நம்பிக்கை வரும். விளக்கு எரியும் அறையில் ஒரு கண்ணை நாலாக மடித்த கறுப்புத் துணியால் கட்டி அரை மணி நேரம் இருங்கள். உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள். கண்விழி அமுங்கினால் சிறிது நேரத்துக்கு மங்கலாகத் தெரியும், சோதனை கெட்டுவிடும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் துணியை அவிழுங்கள். கட்டாத கண்ணால் பார்த்தால் கரி பூசிய சுவர். கட்டியிருந்த கண்ணால் பார்த்தால் சன்னல் கம்பி, கொடியில் தொங்கும் துண்டு, மூலையில் குடம் எல்லாம் சாம்பல் நிறத்தில் நிற்கும். இரண்டையும் மாறி மாறி மூடித் திறந்தால் ஒரே அறை இரண்டு அறையாகத் தெரியும்.

கடலில் இதன் பயன் பெரிது. பாம்பன் கால்வாயைக் கடக்கும்போது சாலைப் பாலத்தின் விளக்கு வரிசை கண்ணில் விழும் முன்பே ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். தாண்டி இருட்டுக்கு வந்ததும் திறங்கள். எதிரில் விசைப்படகின் பெரிய விளக்கு வந்தாலும், வரைபடத்தை வெள்ளை ஒளியில் பார்க்க வேண்டி வந்தாலும் அதுவே வழி. ஒற்றைக் கண்ணில் தூரம் கணிப்பது கடினம் என்பதை மறக்காதீர்கள். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இமை மெல்லியது, பிரகாசமான ஒளி அதனூடே புகும்; பக்கத்து விளக்கு பலமானதாக இருந்தால் கையையும் குவித்து மறையுங்கள்.

எப்படிப் பார்ப்பது

நிறமி முழுதாக வந்த பிறகும் பகலில் பார்ப்பதுபோல நேராகப் பார்த்தால் பாதி வீண். விழித்திரையின் நட்ட நடுவில், சுமார் ஒரு பாகை அகலத்துக்குக் குச்சிகளே கிடையாது. நேராக வெறித்துப் பார்த்தால் மங்கலான பொருள் அந்தப் பள்ளத்தில் விழுந்து மறைந்துவிடும். இதைச் சோதிக்க வானம் போதும். கார்த்திகை முதல் பங்குனி வரை முன்னிரவில் தெரியும் கார்த்திகைக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்கு வந்தவுடன் ஒரு புகைத்திட்டு மாதிரி தெரியும். கண் பழகியபின் ஆறு நட்சத்திரம் எண்ணலாம். இப்போது பக்கத்தில் எங்காவது மிக மங்கலான நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்து நேராகப் பாருங்கள், காணாமல் போகும். சற்றுத் தள்ளிப் பாருங்கள், திரும்ப வரும்.

எவ்வளவு தள்ளி? கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. தேடுகிற இடத்திலிருந்து ஒரு முட்டி அகலம் மேலேயோ கீழேயோ பார்வையை வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஒரு சிக்கல்: ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்பக்கம் சுமார் 15 பாகையில் குருட்டுப் புள்ளி இருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று மற்றதை ஈடுகட்டும். ஒரு கண் மட்டும் இருந்தால் அங்கே இருப்பது தெரியாமலே போகும். வான விளிம்பை முட்டி முட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி அடுத்ததற்குப் போங்கள். ஒரே இடத்தை வெறித்தால் அங்கிருப்பது மெல்லக் கரைந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. தூரத்துச் சிவப்பு விளக்கைக் குச்சிகள் உணராது. எதிரே வரும் படகின் இடப்பக்கச் சிவப்பு விளக்கை ஓரக்கண்ணால் தேடினால் தப்பிவிடும். பச்சை முன்னாலேயே தெரியும், சிவப்பு தெரியாது. ஆகவே ஓரப்பார்வையில் ஒரு சுற்று முடிந்ததும், விளிம்பை நேர்ப்பார்வையில் இன்னொரு சுற்றுப் பாருங்கள். வலையின் மிதப்புக்குக் கொடி கட்டுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்: சிவப்புக் கொடி பகலில் எடுப்பாகத் தெரியும், அந்தி மயங்கியதும் கறுப்பாகி நீரோடு கலந்துவிடும். வெள்ளையோ வெளிர்ப்பச்சையோ கட்டுங்கள்.

கடல் ஒளிர்கிற இரவுகளில் முழுதாகப் பழகிய கண்ணின் அருமை தெரியும். நாக்டிலூகா போன்ற நுண்ணுயிர்கள் கலக்கப்படும்போது விடும் ஒளி 475 நானோமீட்டர் அளவில் இருக்கும்; குச்சிகளின் உச்ச உணர்வில் அங்கே ஏறத்தாழ முக்கால் பங்கு உண்டு. மீன்கூட்டம் திரும்பும்போது நீருக்கடியில் ஓடும் அந்த மெல்லிய பாலொளியை, கால் மணி நேரம் முன்பு போன் பார்த்த கண் தவறவிடும்.

பைனாகுலர் வாங்குவதானால் முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 7×50 என்றால் 7 மில்லிமீட்டர். இளைஞரின் விரிந்த பாவைக்குச் சரி. 50 வயதுக்கு மேல் பாவை 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிவது குறைவு, 7×35 போதும். 8×21 என்ற சின்னது 2.6 மில்லிமீட்டர்தான் தரும்; பகலில் நன்றாக இருக்கும், இரவில் வெறும் கறுப்பு.

காவல் மாற்றும்போது, அடுத்து சுக்கான் பிடிப்பவர் 30 நிமிடம் முன்பே வெளிச்சம் இல்லாத பக்கம் வந்து உட்கார வேண்டும். அடுப்படியிலிருந்து எழுந்து நேராகச் சுக்கானுக்கு வரக் கூடாது. அந்த அரை மணி நேரத்தில் பீடி சிகரெட் வேண்டாம். தீக்குச்சியின் சுடர் ஒரு பக்கம், புகையின் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்து விழித்திரையை மங்கவைப்பது இன்னொரு பக்கம்.

எல்லாம் செய்தும் தெரியவில்லை என்றால்

அரை மணி நேரம் இருட்டில் இருந்தும், கூட இருப்பவர்களுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அது பழக்கக் குறையில்லை. மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைந்தால் ஆப்சினுக்குப் பொருத்த ரெட்டினால் கிடைக்காது. முதலில் அடிபடுவது குச்சிகள்தான். வெள்ளை விழியில் கருவிழியின் ஓரமாகச் சோப்பு நுரை போன்ற திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைக்கு அந்தத் திட்டோ, அந்தியில் தடுமாறுவதோ இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அரசு திட்டப்படி 9 மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் கொடுப்பார்கள், தவறவிடாதீர்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, மீன் ஈரல். கீரையில் எண்ணெய் விட்டுத் தாளித்தால்தான் அதிலுள்ள சத்து உடலில் ஏறும். வெறுமனே அவித்தால் பெரும்பகுதி வீண். ஆனால் ஏற்கெனவே போதுமான வைட்டமின் ஏ உள்ளவர் இன்னும் தின்றால் பார்வை இன்னும் கூர்மையாகாது. நிரம்பிய குடத்தில் ஊற்றுவதுதான். சுறா ஈரல் எண்ணெயில் இந்த வைட்டமின் மிக அதிகம். நாளுக்குத் தேவை சுமார் ஒரு மில்லிகிராம்தான். கர்ப்பிணிகள் ஈரலெண்ணெயை எடுக்கவே கூடாது, வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும்.

வைட்டமின் கொடுத்துச் சில நாளிலேயே மாலைக்கண் தெளியத் தொடங்க வேண்டும். தெளியவில்லை என்றாலும், இருட்டில் தெரியாததோடு பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கி நடக்கையில் வாசற்படியிலும் கயிற்றிலும் இடித்துக்கொண்டே இருந்தாலும், விழித்திரை நிறமிச் சிதைவு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது பரம்பரையாக வருவது. சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும். விழித்திரை மருத்துவரிடம் போகும்போது மூன்று விவரம் எடுத்துச் செல்லுங்கள்: எந்த வயதில் இருட்டில் தடுமாற்றம் தொடங்கியது, பெற்றோர் எந்த முறை சொந்தம், அண்ணன் தம்பி அக்கா தங்கை யாருக்காவது இதே குறை உண்டா. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள்; போட்டபின் சில மணி நேரம் கண் கூசும். அன்று இரவு கடலுக்குப் போக வேண்டாம், வீடு திரும்ப வண்டி ஓட்ட ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.